குடியிருக்கும் வீட்டையே வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச் சாரியில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவன் நான். "இருக்கிற வீட்டையே வாங்கிக்கொள்ளுங்கள், மாதாமாதம் கொடுப்பதை விலையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார் வீட்டுக்காரர். சரி என்று சொல்லிவிடலாமா?" என்று கேட்டு மாதத்துக்கு நாலைந்து பேராவது வருகிறார்கள். எல்லாருக்கும் சொல்வதை ஒரு முறை எழுதி வைத்துவிட்டால் தொண்டைத் தண்ணீராவது மிஞ்சும் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகள் கேட்டவர்களுடையவை. பதில்கள் தமிழ்நாட்டு நடைமுறைக்கு உட்பட்டவை. இதைப் படித்தபின் வக்கீலைப் பார்க்கத் தேவையில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

1. வாடகைக்கு இருந்துகொண்டே வாங்குவது என்கிறார்களே, அது என்ன ஏற்பாடு?

ஒரே வீட்டைப் பற்றி இரண்டு பேச்சு. ஒன்று வாடகைப் பேச்சு: மாதம் இவ்வளவு, குடியிருந்துகொள்ளுங்கள். இன்னொன்று விலைப் பேச்சு: இன்ன விலைக்கு, இன்ன தேதிக்குள் கிரயம், அதாவது விற்பனைப் பத்திரம், முடிப்பது. முதலில் ஒரு முன்பணம் கை மாறும். பிறகு வாடகையோடு சேர்த்து விலைக் கணக்கில் ஒரு தொகை மாதாமாதம் போகும். கெடு முடிகிறபோது, பெரும்பாலும் வங்கிக் கடன் வாங்கி, மீதியைக் கொடுத்துக் கிரயம் செய்துகொள்வார்கள்.

இதற்கென்று நம் ஊரில் தனிச் சட்டம் கிடையாது. வாடகைப் பேச்சு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்துக்குள் வரும். விலைப் பேச்சுக்கு 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் பதிவுச் சட்டமும் ஒப்பந்தச் சட்டமும் இருக்கின்றன. இரண்டு துணியும் தனித்தனியே நல்ல துணிதான். கிழிவதெல்லாம் இரண்டையும் சேர்த்துத் தைத்த இடத்தில்தான்.

2. எட்டு வருடமாக இதே வீட்டில் வாடகை கொடுத்திருக்கிறேன். அதுவும் விலையில் கழியுமா?

கழியாது. குடியிருந்ததற்குக் கொடுத்தது குடியிருந்ததோடு முடிந்துவிட்டது. இனிமேல் கொடுப்பதிலும், "இவ்வளவு வாடகை, இவ்வளவு விலைக் கணக்கு" என்று பிரித்து எழுதியிருந்தால் எழுதிய அளவு மட்டும்தான் கழியும். குடிவந்தபோது கொடுத்த வாடகை அட்வான்ஸ் வேறு, கிரய முன்பணம் வேறு. பழைய அட்வான்ஸை முன்பணமாக மாற்றுவதாக இருந்தால் அதையும் ஒரு வரி எழுத வேண்டும்.

3. இதில் எனக்கு என்ன லாபம்? கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

போடுவோம். வீட்டின் விலை 48 லட்சம். அந்தத் தெருவில் நியாயமான வாடகை 14,000. நீங்கள் மாதம் 22,000 கொடுக்கிறீர்கள், அதில் 8,000 விலைக் கணக்கு. முன்பணம் 4 லட்சம், கெடு மூன்று ஆண்டு. 36 மாதத்தில் விலைக் கணக்கில் சேர்வது 2,88,000. முன்பணத்தோடு 6,88,000. மீதி 41,12,000. மூன்று ஆண்டு கொடுத்தும் இவ்வளவு மீதியா என்று எல்லாரும் இந்த இடத்தில் முகம் மாறுவார்கள். இன்னும் இருக்கிறது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு விலையில் 80 சதவீதம்தான் ரிசர்வ் வங்கியின் உச்ச வரம்பு. அதாவது 38,40,000. ஆக 2,72,000 கையிலிருந்து போட வேண்டும். பத்திரச் செலவு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 48 லட்சத்துக்கு 4,32,000. பொதுவாக வங்கி இதைக் கணக்கில் சேர்க்காது. கெடு நாளன்று உங்கள் கையில் 7,04,000 தனியாக இருக்க வேண்டும். பதிவுக்காக அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு 48 லட்சத்துக்கு மேல் இருந்தால் இன்னும் ஏறும்.

அந்த 8,000 ரூபாயைத் தபால் அலுவலகத்திலோ வங்கியிலோ தொடர் வைப்பில் போட்டிருந்தால், ஆறரை சதவீதம் என்று வைத்தாலும் ஏறக்குறைய 30,000 ரூபாய் வட்டியாவது வந்திருக்கும். பணமும் உங்கள் பெயரிலேயே இருந்திருக்கும். அப்படியானால் லாபம் எங்கே? இன்றைய விலையில் கட்டிப்போடுவதில்தான். ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினாலும் மூன்றாவது ஆண்டு முடிவில் அந்த வீடு 55 லட்சத்தைத் தாண்டும். உங்களுக்கு அது 48தான். அதற்கடுத்த லாபம், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் ரேஷன் கடையையும் மாற்ற வேண்டாம் என்பது. வீட்டின் குணம் தெரிந்து வாங்குவது மூன்றாவது லாபம். எந்தச் சுவர் ஐப்பசியில் ஓதம் ஏறும், எந்த மாதம் போர் வற்றும் என்பது புதிதாக வாங்க வருகிறவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். இதை நான் சின்ன லாபமாக நினைப்பதில்லை.

4. வீட்டுக்காரர் தங்கமான மனிதர். எழுத்து எதற்கு? வேண்டுமானால் ஒரு முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறோமே?

ஒரு தையல்காரர் என்னிடம் 192 பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பக்கத்துக்கு ஒரு மாதம். ஒவ்வொரு பக்கத்திலும் ரெவின்யூ ஸ்டாம்பு, அதன் மேல் குறுக்காக வீட்டுக்காரரின் நடுங்கிய கையெழுத்து. 31 பக்கம். 32ஆம் பக்கத்தில் தேதி மட்டும் எழுதியிருந்தது. அதற்குள் வீட்டுக்காரர் மாரடைப்பில் இறந்துவிட்டார். மாதம் 17,000 கொடுத்திருக்கிறார். அதில் 6,000 விலைக் கணக்கு என்பது இருவருக்கும் இடையிலான பேச்சு. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். 31 பக்கத்திலும் "வாடகை பெற்றுக்கொண்டேன்" என்றே இருந்தது. வீட்டுக்காரரின் மகன் கெட்டவரும் அல்ல. "அப்பா வாடகை வாங்கியதை நாங்கள் மறுக்கவில்லையே" என்றார். மறுக்கவில்லைதான்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். 2023இல் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், பதிவாகாத ஒப்பந்தத்தையும், கிரயம் செய்து தரக் கோரும் வழக்கில் சாட்சியமாகக் காட்டலாம் என்று சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு, "அப்போது பதிவு வேண்டாமே" என்று சிலர் வருகிறார்கள். அது கோர்ட்டுக்குப் போனபின் உதவுவது. பதிவு செய்த ஒப்பந்தமோ, ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றிலேயே ஏறிவிடும். அடுத்து அந்த வீட்டை வாங்க வருகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்த்ததும் உங்கள் பெயர் அவர் கண்ணில் படும். "எனக்குத் தெரியாமல் போய்விட்டது" என்று பிறகு அவரால் சொல்ல முடியாது. எழுதிக் கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டணம் கிரயச் செலவு அளவுக்கு வராது.

5. ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிட்டால் வீடு பாதி எனக்குச் சொந்தம் மாதிரிதானே?

இல்லை. கிரய ஒப்பந்தம் என்பது வாங்கும் உரிமையைக் கேட்கும் காகிதம். அது சொத்தில் உரிமை தராது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆவது பிரிவு இதை நேராகவே சொல்கிறது. கிரயப் பத்திரம் பதிவாகும் நாள் வரை வீடு வீட்டுக்காரருடையது. அவர் கடன், அவர் வழக்கு, அவர் பாகப்பிரிவினை எல்லாம் அந்த வீட்டைத் தொடும்.

முழுக்க வெறுங்கையும் அல்ல. விலைக்கென்று நீங்கள் கொடுத்த பணத்துக்கு அந்த வீட்டின் மீதே ஒரு பிடிமானம் 55ஆவது பிரிவில் இருக்கிறது, கிரயத்தை நீங்களாகத் தவறான காரணத்துக்கு மறுக்காதவரை. ஆனால் "விலைக்கென்று" கொடுத்தது என்று காட்ட வேண்டும். தையல்காரரின் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

6. வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. போதுமா?

போதாது. வில்லங்கச் சான்று பதிவானதை மட்டும் சொல்லும். தாய்ப்பத்திரத்தையும் (வீட்டுக்காரருக்கு முன் இருந்தவர்களின் பத்திரம்) நடப்புப் பத்திரத்தையும் அசலாகக் கையில் வாங்கிப் பாருங்கள். "லாக்கரில் இருக்கிறது, ஜெராக்ஸ் தருகிறேன்" என்றால் நான் அங்கேயே பேனாவை மூடிவிடுவேன். அசல் இல்லாத இடத்தில் பாதிக்குப் பாதி, அது எங்கோ ஈடாக இருக்கிறது. வங்கிகள் ஈடு வாங்கிய சொத்துகளைப் பதிவு செய்யும் செர்சாய் என்ற மத்தியப் பதிவகத்திலும் கட்டணம் கட்டித் தேடலாம். பட்டா யார் பெயரில் இருக்கிறது, நிலம் கோயிலுக்கோ அரசுக்கோ உரியதா என்பதையும் இதே கையோடு பார்த்துவிடுங்கள்.

கடன் இருக்கிறது என்று வீட்டுக்காரரே சொன்னால் அது நேர்மை. ஓடிவிட வேண்டாம். ஆனால் அவர் தவணை தவறினால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி வழக்குப் போடாமலே வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். நீங்கள் ஒழுங்காக மாதம் 22,000 கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள், அது அவருடைய கடனுக்குப் போகாமல் அவருடைய மைத்துனரின் கடைக்குப் போயிருக்கும். கடன் உள்ள வீடானால், உங்கள் மாதப் பணத்தில் தவணைக்கு உரியதை அவருடைய கடன் கணக்கிலேயே நேராகக் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஒப்பந்தம் போடுவது வங்கிக்கு எழுத்தில் தெரிந்திருக்கட்டும்.

7. கெடு முடியும்போது எனக்கு வங்கிக் கடன் கிடைக்காவிட்டால்?

பலரும் விழும் பள்ளம் இதுதான், யாரும் முன்கூட்டிப் பார்க்காததும் இதுதான். கடன் இரண்டு காரணத்தால் மறுக்கப்படும். ஒன்று உங்களால்: வருமானக் கணக்கு இல்லை, பழைய கடன் நிலுவை. இன்னொன்று வீட்டால்: அனுமதி ஒரு மாடிக்கு, கட்டியிருப்பது இரண்டு மாடி, அல்லது மனையே அங்கீகாரம் இல்லாதது, அல்லது முப்பது ஆண்டுப் பத்திரத் தொடரில் நடுவில் ஒரு கண்ணி காணோம்.

உங்கள் குறை மூன்று ஆண்டில் சரியாகலாம். அதற்குத்தான் கெடு. வீட்டின் குறை சரியாகாது. ஆகவே ஒப்பந்தம் போடும் முன்பே, நீங்கள் கடன் கேட்கப்போகும் வங்கியின் வக்கீல் பட்டியலில் இருக்கும் ஒருவரிடம் பத்திரங்களைக் கொடுத்து லீகல், அதாவது சட்டக் கருத்து, கேட்டுப் பாருங்கள். சில ஆயிரம் செலவாகும். மூன்று ஆண்டு கழித்து வங்கி சொல்லப்போகும் பதிலை இன்றே கேட்டுக்கொள்கிறீர்கள். "வீட்டின் பத்திரத்திலோ கட்டட அனுமதியிலோ உள்ள குறையால் கடன் மறுக்கப்பட்டால் விலைக் கணக்குப் பணம் முழுவதையும் வீட்டுக்காரர் திருப்ப வேண்டும்" என்ற வரியை நான் எழுதாமல் விடுவதில்லை. இந்த வரிக்குத் தயங்கும் வீட்டுக்காரருக்கு வீட்டைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது.

8. ஒரு மாதம் தவறிவிட்டால் கட்டிய பணம் எல்லாம் போய்விடுமா?

எழுதியதைப் பொறுத்தது. "ஒரு தவணை தவறினாலும் ஒப்பந்தம் ரத்து, செலுத்திய தொகை திருப்பப்படாது" என்று ஊரில் சுற்றும் மாதிரிப் படிவங்களில் ஒரு வரி இருக்கும். அதை அப்படியே நகலெடுக்கிறார்கள். இரண்டு மாத அவகாசமும் எழுத்து மூலம் அறிவிப்பும் கட்டாயம் என்று மாற்றச் சொல்லுங்கள்.

பணத்துக்கு வைக்கும் பெயரும் முக்கியம். உறுதிக்காகக் கொடுத்த முன்பணத்தை, வாங்குபவர் தவறினால் விற்பவர் வைத்துக்கொள்ளலாம். விலையின் ஒரு பகுதியாகக் கொடுத்ததை அப்படி விழுங்க முடியாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. அதனால் உறுதி முன்பணம் என்று ஒரு சிறு தொகையை மட்டும் காட்டி, மற்றதை "விலையின் பகுதி" என்று எழுதுவது வாங்குகிறவருக்கு நல்லது.

9. ஒப்பந்தம் போட்டபின் நான் வாடகைக்காரனா, வாங்குகிறவனா?

நல்ல கேள்வி. இதைக் கேட்கிறவர் குறைவு. இதில் உச்ச நீதிமன்றமே இரண்டு விதமாகப் பார்த்திருக்கிறது. 2000இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில், குடியிருப்பவருக்கே விற்க ஒப்பந்தம் போட்டு விலையின் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டபின் அவர் வாடகைக்காரர் அல்ல என்றது. 2019இல் இன்னொரு வழக்கில், ஒப்பந்தத்தில் அப்படி எழுதாதவரை வாடகை உறவு தொடரும் என்றது. ஆகவே தீர்ப்பை நம்பாமல் எழுத்தை நம்புங்கள்.

வாடகை தொடர்கிறது என்றால், வாடகை பாக்கி என்ற காரணத்தைச் சொல்லி வாடகைச் சட்டப்படி உங்களை வெளியேற்ற அவர் கேட்கலாம். விலைப் பேச்சு ஒரு பக்கம் நிற்க, நீங்கள் தெருவில் நிற்பீர்கள். "இன்று முதல் வீட்டின் சுவாதீனம் கிரய ஒப்பந்தத்தின்படி வாங்குபவரிடம் தொடர்கிறது" என்று எழுதி (சுவாதீனம் என்றால் கைவசம் வைத்து அனுபவிப்பது) பதிவு செய்திருந்தால் சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஏ பிரிவின் பாதுகாப்பைக் கேட்கலாம்: உங்கள் பங்கை நீங்கள் நிறைவேற்றத் தயாராக இருக்கும்வரை உங்களை அவர் அசைக்க முடியாது. 2001இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பதிவாகாத ஒப்பந்தத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. சுவாதீனம் தருவதாக எழுதினால் பதிவுச் செலவு கூடலாம். கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

10. மோட்டார் எரிந்துவிட்டது. வாங்கப்போகிறவன் நீதானே, நீயே போடு என்கிறார். சரியா?

எழுதாவிட்டால் இப்படித்தான். என் வழக்கம்: அன்றாடப் பழுது குடியிருப்பவருக்கு, கூரை, சுவர், போர், கழிவுநீர்த் தொட்டி போன்றவை கிரயம் வரை உரிமையாளருக்கு, வீட்டு வரியும் அவருக்கே. அவசரத்துக்கு நீங்கள் செலவு செய்தால் ரசீதோடு விலையில் கழியட்டும். கிரயம் முடியும் முன் மாடி எழுப்புவது, மார்பிள் போடுவது எல்லாம் வேண்டாம். அடுத்தவர் வீட்டை அழகு பார்க்கிறீர்கள்.

11. நடுவில் வீட்டுக்காரர் இறந்துவிட்டால் ஒப்பந்தமும் போய்விடுமா?

போகாது. வாரிசுகளையும் அது கட்டுப்படுத்தும். ஆனால் ஒருவரிடம் வாங்க வேண்டிய கையெழுத்தை இனி நால்வரிடம் வாங்க வேண்டும். வாரிசுச் சான்று வர வேண்டும், ஒரு மகள் வெளிநாட்டில் இருப்பார், இன்னொருவருக்கு விலை பிடிக்காது. இதைத் தவிர்க்க, ஒப்பந்தம் போடும் நாளிலேயே மனைவியையும் வயது வந்த பிள்ளைகளையும் சாட்சியாகவாவது கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பூர்வீகச் சொத்தானால் சாட்சி போதாது. பங்கு உள்ள எல்லாரும் விற்பவர்களாகவே சேர வேண்டும். தையல்காரர் விஷயத்தில் வீட்டுக்காரரின் மகன் ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தால்கூட கதை வேறாக இருந்திருக்கும்.

12. விலை ஏறிவிட்டது. இப்போது தரமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

மூன்றாம் கேள்வியில் சொன்ன லாபத்தின் மறுபக்கம் இது. விலை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு உங்களுக்கு லாபம், அவ்வளவு அவருக்கு மனம் மாறும். விலை இறங்கினால் மனம் மாறுவது நீங்கள். எழுத்து தேவைப்படுவது அந்த நாளைக்குத்தான்.

கிரயம் செய்து தரக் கோரி வழக்குப் போடலாம். ஒப்பந்தத்தில் குறித்த கெடுவிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். கெடு குறிக்கவில்லை என்றால், அவர் மறுத்தது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. ஒப்பந்தப்படி செய்து தரச் சொல்லும் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு, கிரயம் செய்து தரச் சொல்வது நீதிபதியின் விருப்பத்துக்கு விட்ட விஷயமாக இல்லை. ஆனால் நீங்கள் முழு நேரமும் பணத்தோடு தயாராகவும் விருப்பத்தோடும் இருந்தீர்கள் என்று நிரூபிக்க வேண்டும். கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே வங்கியின் கடன் அனுமதிக் கடிதத்தோடு ஸ்பீடு போஸ்டில், பதிவோடு, அறிவிப்பு அனுப்புங்கள். வாயால் பத்து முறை கேட்டதற்கு இங்கே மதிப்பில்லை. வழக்கில் "கிரயம் இல்லையென்றால் பணத்தையாவது திருப்ப வேண்டும்" என்ற கோரிக்கையையும் சேர்க்கச் சொல்லுங்கள். கேட்காததைக் கோர்ட் தராது.

13. நான் வாடகைக்கு இல்லை, ஆறு லட்சத்துக்கு ஒத்திக்கு இருக்கிறேன். "மூன்று வருடத்தில் பணம் திருப்பாவிட்டால் வீடு எனக்கு" என்று ஒத்திப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளலாமா?

எழுதலாம், செல்லாது. மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு, அது திரும்பும்வரை வாடகை இல்லாமல் குடியிருப்பது, மதுரையில் ஒத்தி, சென்னைப் பக்கம் போக்கியம் அல்லது லீஸ் என்று சொல்லும் ஏற்பாடு, சட்டத்தின் கண்ணில் அனுபோக அடமானம். அடமானம் வைத்தவருக்கு அதை மீட்கும் உரிமை எப்போதும் உண்டு. அந்த உரிமையை அதே பத்திரத்தில் முடக்கிப்போடும் எந்த வரியையும் நீதிமன்றம் ஏற்காது. ஒருமுறை அடமானமென்றால் என்றும் அடமானமே என்பது பழைய நீதி. ஒத்திக்காரர் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரச் சொல்லியும் பொதுவாக வழக்குப் போட முடியாது. பணம் வரும்வரை குடியிருக்கலாம், அவ்வளவுதான்.

பின்னொரு நாளில் இருவரும் மனம் ஒத்து, தனியாக ஒரு கிரய ஒப்பந்தம் போட்டு, ஒத்தித் தொகையை விலையில் கழிப்பது வேறு. அது செல்லும். கிரயப் பத்திரத்தில் ஒத்தி தீர்ந்த விவரத்தையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் வில்லங்கத்தில் பழைய ஒத்தி தொங்கிக்கொண்டே இருக்கும். இதெல்லாம் ஒத்தி பதிவாகியிருந்தால்தான். கடன் தொகையில் 4 சதவீத முத்திரையும் 1 சதவீதப் பதிவுக் கட்டணமும் மிச்சமாகட்டும் என்று பதினொரு மாத வாடகை ஒப்பந்தமாக எழுதிக்கொள்கிறார்களே, அவர்கள் ஆறு லட்சத்துக்கு முப்பதாயிரம் மிச்சம் பிடித்து ஆறு லட்சத்தையும் காற்றில் விடுகிறார்கள்.

14. கிரயம் பிறகு பார்க்கலாம், இப்போதைக்குப் பவர் எழுதித் தருகிறேன் என்கிறார்.

பவர் என்பது தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதித் தரும் அதிகாரம். அந்தப் பத்திரத்தால் வீடு கைமாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் பெரும்பாலும் அவரோடு போய்விடும். பணம் கொடுத்துப் பவர் வாங்குவதை நான் எழுதித் தருவதில்லை.

15. வீட்டு வசதி வாரியத்தின் தவணை வீடும் இதே கதைதானா?

உறவுமுறைதான், ஆனால் அண்ணன் உறவு. 1961இல் அமைந்த தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் பல ஆண்டுகளாகத் தவணை முறையில் வீடு ஒதுக்கியிருக்கிறது. ஒதுக்கீடு, முன்தொகை, மாதத் தவணை; முழுப் பணமும் கட்டியபின் கிரயப் பத்திரம். அதுவரை உரிமை வாரியத்திடம். விற்பவர் இறந்துபோவார், ஊரைவிட்டு ஓடுவார் என்ற பயம் இல்லாதது இதன் பெரிய நன்மை.

இதன் தொல்லை வேறு. நிலம் கொடுத்தவர்களுக்கு நீதிமன்றம் இழப்பீட்டை உயர்த்தினால் இறுதி விலையும் உயர்ந்து, தவணை முடித்தவருக்கும் வித்தியாசத் தொகை கேட்டுக் கடிதம் வரலாம். நிலுவை வட்டி குட்டி போட்டு அசலைத் தாண்டிய குடும்பங்கள் உண்டு. அரசு அவ்வப்போது வட்டித் தள்ளுபடி அறிவிக்கும், அப்போது தவறவிடாதீர்கள். ஒதுக்கீடு பெற்றவரிடமிருந்து கிரயப் பத்திரம் வருவதற்கு முன்பே பவரில் வாங்குகிறீர்களா? பதினான்காம் பதிலை மீண்டும் ஒருமுறை படியுங்கள்.

16. டொராண்டோவில் இருக்கும் மகன் "ரெண்ட் டு ஓன்" என்று ஏதோ கையெழுத்துப் போடப்போகிறான். இதுவா அது?

சாயல் ஒன்று, சட்டம் வேறு. அங்கே இரண்டு வகை உண்டு: வாங்கலாம், விரும்பாவிட்டால் விலகலாம் என்பது ஒன்று, கெடுவில் வாங்கியே தீர வேண்டும் என்பது மற்றொன்று. முதல் வகையில் அந்தத் தேர்வுரிமைக்காகக் கொடுக்கும் கட்டணம், வாங்காவிட்டால் பொதுவாகத் திரும்பாது. தம்பி கையெழுத்துப் போடுவது இரண்டில் எது என்று முதலில் கேட்கட்டும். மற்றது அந்த ஊர் வக்கீல் வேலை.

17. பாதி ரொக்கமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். சொத்து விலைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு, வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரும். உங்களுக்கும் நட்டம்: கெடுவில் வங்கி, உங்கள் பங்கு எங்கே என்று கேட்கும்போது வங்கிக் கணக்கில் தெரியும் பணத்தை மட்டும்தான் ஒப்புக்கொள்ளும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஒவ்வொரு முறை விலைக் கணக்கில் கொடுக்கும்போதும் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு. வீட்டுக்காரர் வெளிநாட்டில் குடியிருப்பவரானால் பிடித்தம் மிக அதிகம். ஆடிட்டரைப் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

18. நீங்கள் யாருக்கு வேண்டாம் என்று சொல்வீர்கள்?

முன்பணத்தைக் கந்துவட்டிக்கு வாங்கி வருகிறவருக்கு. இரண்டு ஆண்டில் மாற்றலாகக்கூடிய வேலையில் இருப்பவருக்கு. இன்றே வங்கிக் கடன் கிடைக்கும் நிலையில் இருந்துகொண்டு, "வாடகை கழியுமே" என்ற ஆசைக்காக மட்டும் வருகிறவருக்கு. அவர் நேராகக் கிரயம் செய்வதே மலிவு. கடன் வரலாறு சீராக இரண்டு மூன்று ஆண்டு வேண்டும், வீடு பிடித்திருக்கிறது, வீட்டுக்காரருக்கு மாத வருமானம் தேவைப்படுகிறது, அவசரமாக விற்க மனமில்லை என்று நான்கும் பொருந்தினால் தைரியமாக எழுதலாம். வருகிற பத்துப் பேரில் இரண்டு பேருக்குப் பொருந்தும்.

19. நான் வீட்டுக்காரன். எல்லாம் குடியிருப்பவர் பக்கமாகவே சொல்கிறீர்கள். எனக்கு ஆபத்து இல்லையா?

இருக்கிறது. பதிவான ஒப்பந்தம் வில்லங்கத்தில் ஏறியபின், அவர் வாங்காமல் இழுத்தாலும் உங்கள் வீட்டை வேறு யாரும் வாங்க வரமாட்டார்கள். சாதாரணமாக ரத்துப் பத்திரத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் கோபித்துக்கொண்டு காரைக்குடிக்குப் போய்விட்டால் நீங்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

அதனால் வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது: கெடுவை மூன்று ஆண்டுக்கு மேல் நீட்டாதீர்கள். அவர் விலகினால் நீங்கள் திருப்ப வேண்டிய தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதிவிடுங்கள். பணத்தைத் திருப்புவதும் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்தாவதும் ஒரே நாளில், சார்பதிவாளர் அலுவலகத்திலேயே நடக்கும் என்றும் ஒரு வரி சேருங்கள். விலைக் கணக்கில் மாதாமாதம் வருவதைச் செலவழித்துவிடாமல் தனிக் கணக்கில் வையுங்கள். போன மாதம் ஒரு வீட்டுக்காரர் வந்தார்; விலகிய குடித்தனக்காரருக்குத் திருப்ப வேண்டியது இரண்டு லட்சத்துச் சொச்சம், அது மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டது. ரத்துப் பத்திரம் எழுதி முடித்து என் மேசை இழுப்பறையிலேயே இருக்கிறது, இருவர் கையெழுத்தும் இல்லாமல்.